மோல்டாவுக்குப் போகாத அண்ணை

ஓய்வெடுப்பதற்காக மோல்டா அண்ணை பட்ட பாட்டை, டென்மார்க்கில் எவரும் உழைப்பதற்காகக்கூடப் பட்டதில்லை.

ஓல்போர்க்கில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஒரு சலவை ஆலையில் அவரும் நானும் ஒரே இயந்திரத்தில் நின்றோம். ஈர விரிப்பின் ஒரு மூலையை அவரும் மறு மூலையை நானும் கொழுவிவிட, இயந்திரம் அதை இழுத்து, அழுத்தி, மடித்து அந்தப் பக்கம் தள்ளும். வருடக்கணக்காக அப்படி எதிரெதிரே நின்றால் ஒருவரின் மனதில் ஓடுவது மற்றவருக்குத் தெரிந்துவிடும். அவர் மனதில் ஓடியது ஒன்றுதான். மத்தியதரைக் கடலில் இருக்கும் மோல்டாத் தீவில், மனைவி யோகம் அக்காவோடு ஒரு கிழமை சும்மா இருப்பது.

சும்மா இருப்பதற்கு அவர் ஒரு கொப்பியில் நேர அட்டவணை போட்டிருந்தார். காலை ஒன்பது தொடக்கம் ஒன்பது நாற்பது வரை கடலைப் பார்த்தல். ஒன்பது நாற்பது தொடக்கம் பத்து மணி வரை ஒன்றும் யோசிக்காமல் இருத்தல்.

“அண்ணை, ஒண்டும் யோசிக்காமல் இருக்கேக்கை பத்து மணியாச்சு எண்டு எப்பிடித் தெரியும்?”

அன்று காலை முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் வந்து பக்கத்தில் இருந்தார். “அந்த வேலையை யோகத்திட்டைக் குடுத்திட்டன். அவ நேரம் பாப்பா.”

ஒரு மாசி மாதம், பழக்கம் வேண்டுமென்று, தன் வீட்டு பல்கனியில் சாய்கதிரையைப் போட்டுக் கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருக்கிறார். வெளியே பனி கொட்டுகிறது. எதிர்வீட்டு டெனிஷ் கிழவி, அரை மணித்தியாலமாக அசையாத மனிதனின் மடியில் பனி சேருவதைப் பார்த்துவிட்டு அம்புலன்ஸுக்குப் போன் அடித்துவிட்டாள். வந்தவர்கள் அவரைத் தூக்கப் போக, “இன்னும் பத்து நிமிசம் கிடக்கு” என்று டெனிஷில் சொன்னாராம். யோகம் அக்கா தேத்தண்ணி போட்டுக் கொடுத்துத்தான் அவர்களை அனுப்பிவைத்தா.

பயணத்துக்கு வாங்கின பெட்டியின் சில்லைப் பரிசோதிக்கவென்று ஒரு கிழமை அதை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் வேலைக்கு வந்தார். உள்ளே பத்துக் கிலோ குத்தரிசி. “மோல்டாவிலை சோறு கிடைக்காதோ அண்ணை?” என்று கேட்டேன். “கிடைக்கும். அதைத் தேடித் திரிஞ்சால் பிறகு அது ஓய்வோ?” என்றார்.

இப்படித் திட்டம் போட்டே ஏழெட்டு வருடம் போனது. கடைசியில் ஒரு நாள் உண்மையாகவே இரண்டு ரிக்கற் எடுத்துவிட்டார். இரண்டாயிரத்து ஒன்பது, மே மாதக் கடைசிக்கு.

அந்த வசந்தம் எப்படி வந்தது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் சண்டை நெருக்க நெருக்க, வன்னியில் சனம் கடற்கரையை நோக்கி ஒதுங்கிக்கொண்டே போனது. சனி ஞாயிறுகளில் நாங்கள் பஸ் பிடித்துக் கொப்பன்ஹேகனுக்குப் போய் வீதியில் நின்றோம். ஒவ்வொரு முறையும் மோல்டா அண்ணையும் வந்து குளிரில் பதாகை பிடித்தார். என் சித்தியின் குடும்பம் உள்ளே அகப்பட்டிருந்தது. மூன்று கிழமையாக ஒரு தகவலும் இல்லை. நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை.

அப்படியான ஒரு நாள் சாப்பாட்டு அறையில் அவர் கொப்பியை விரித்து, “தம்பி, வெயிலுக்குத் தொப்பி வெள்ளை நல்லதோ, நீலம் நல்லதோ?” என்று கேட்டார்.

எங்கள் ஆட்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லோர் காதிலும் விழ உரத்துச் சொன்னேன். “அங்கை சனம் கடற்கரையிலை செத்துக் கிடக்குது. நீங்கள் கடற்கரையிலை வெயில் காயத் தொப்பி தேடுறியள்.”

அவர் கொப்பியை மூடினார். பிறகு எழும்பிப் போய்த் தன் கோப்பையைக் கழுவினார். கன நேரம் கழுவினார்.

அந்த ரிக்கற்றுகள் எங்களோடு வேலை செய்த ஒரு டெனிஷ்காரியின் பெயருக்கும் அவளின் புருஷனின் பெயருக்கும் மாறின. மே மாதம் சண்டை முடிந்தது. சித்தி முகாமிலிருந்து கதைத்தா. சித்தப்பா இல்லை. அந்தச் செய்தி வந்த அன்று வேலைக்கு வந்த என்னை இயந்திரத்துக்குக் கிட்ட விடாமல், விரிப்பின் இரண்டு மூலையையும் மோல்டா அண்ணையே ஓடி ஓடிக் கொழுவினார்.

அடுத்த வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் இருந்து, ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

“அண்ணை, அண்டைக்கு நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது. என்னாலைதானே நீங்கள் போகேல்லை.”

“விசர்க் கதை கதையாதையும்,” என்றார், வாய் கோணலாக. “யோகத்துக்குப் பிளேன் எண்டால் பயம். கடைசி நேரத்திலை வரமாட்டன் எண்டிட்டா. உமக்கும் அதுக்கும் என்ன?”

எனக்கு மூச்சு வந்தது. வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஆறு வருடம் நிம்மதியாக இருந்தேன்.

அவர் கண்ணை மூடி, செத்தவீடும் முடிந்து, சனம் குறைந்த ஒரு நாள் யோகம் அக்காவிடம் போனேன். கதையோடு கதையாக, “அண்ணை மோல்டா பாக்காமலே போட்டார். உங்களுக்கும் பிளேன் பயம், என்ன செய்யிறது,” என்றேன்.

அக்கா என்னை விளங்காமல் பார்த்தா. “எனக்கோ? பிளேனிலை ஏறித்தானே தம்பி இந்த நாட்டுக்கு வந்தனான். நான் ரெண்டு தரம் பெட்டி அடுக்கினனான். இவர்தான் ஒரு நாள் வேலையாலை வந்து, பிளேன் கொம்பனிக்காரர் பயணத்தை நிப்பாட்டிப் போட்டாங்கள் எண்டு சொன்னவர்.”

நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அந்தச் சாப்பாட்டு அறையில் நான் சொன்னதை அக்காவிடம் சொல்ல அன்றைக்கும் எனக்குத் துணிவு வரவில்லை. அக்காவிடம் என் பெயர் கெட்டுவிடாமல் ஒரு பொய், என் மனம் பாரப்படாமல் இன்னொரு பொய். அந்த மனிதர் அந்த இரண்டையும் கடைசி வரை தனியே சுமந்துகொண்டு, என்னைக் காணும்போதெல்லாம் “சாப்பிட்டீரோ?” என்று கேட்டார்.