வாத்தியார் திருத்திய சாட்சி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஈப்போவில் எங்கள் சபை முழுக்க என்னை ஒரு கொடுமைக்காரி என்று நினைத்தது. முழுசாக ஒரு நிமிஷம். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இனிமேலும் கேட்பதாக இல்லை.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. ஜெலாப்பாங்கில் ஒரு பேக்டரியில் பேக்கிங் சூப்பர்வைசர். அறுபது பேரை அதட்டி வேலை வாங்குகிற வாய்தான். ஆனால் சபையில் வேதம் வாசிக்கக் கூப்பிட்டால் நாக்கு குழறிவிடும். (ஒரு தடவை "எபேசியர்" என்பதை "எபிசோடு" என்று வாசித்திருக்கிறேன். போதகர் பெருந்தன்மையாக இருமினார்.)

அந்த வருஷம் ஒரு நாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. பட்டாணி அளவு. முதல் நாள் சோப்பைக் குறை சொன்னேன். ரெண்டாம் நாள் உள்ளாடையைக் குறை சொன்னேன். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் டேவிட்டிடம் சொன்னேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், நாற்பது பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினாலும் அசராத மனுஷன். வாயில் போட்ட ரொட்டி சானாயை மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்டு அந்தக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். ரிசல்ட்டுக்கு ரெண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த ரெண்டு வாரமும் யாரிடமும் மூச்சு விடவில்லை. மகள் ஷரோனுக்கு காம்பாரில் பல்கலைக்கழகப் பரீட்சை. டேவிட்டின் அக்கா எஸ்தர் அண்ணியிடம் சொன்னால், மத்தியானத்துக்குள் பேராக் மாநிலம் முழுக்க ஜெபக்குறிப்பாகப் போய்விடும். ஆகவே நாங்கள் ரெண்டு பேர் மட்டும் ஜெபித்தோம். பெட்டி அடுக்கும்போது ஜெபித்தேன், பேக்டரி கழிவறையில் ஜெபித்தேன், சிவப்பு விளக்கில் நின்றபடி ஜெபித்தேன். "ஆண்டவரே, இது ஒண்ணுமில்லாமப் போனா, சபை நடுவுல நின்னு சாட்சி சொல்றேன். மைக்கில சொல்றேன்." (மைக் என்றது நான். அவர் கேட்கவே இல்லை.)

ரிசல்ட் வந்தது. இளவயது மலாய் டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். "தா அப்பா அப்பா, காக்." ஒன்றுமில்லை அக்கா, சாதாரணக் கட்டிதான் என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில், அடுத்த நோயாளி பயந்துபோய் வெளியே எழுந்து நின்றுவிட்டாராம்.

ஆண்டவர் செய்த நன்மையை எடுத்துச் சொல்கிற சாட்சிக்கு எங்கள் சபையில் ஒரு விதி உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் எழுதி, சபைச் செயலாளர் ஜெயசிங் சாரிடம் காட்ட வேண்டும். தமிழ்ப்பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சிவப்புப் பேனா மட்டும் ஓய்வு பெறவில்லை. அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கிரேஸ் அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்றார். சார் என் தாளை வாசித்தார். ஒரு இடத்தில் நின்றார்.

"ரெபேக்கா, சபையில ஆம்பளைங்க இருக்காங்க, வயசுப் பிள்ளைங்க இருக்காங்க. இந்த வார்த்தை வேணாம்லா."

"எந்த வார்த்தை சார்?"

வாயால் சொல்லவில்லை. பேனா நுனியால் தொட்டுக் காட்டினார். மார்பு.

"அதுக்குத்தானே சார் ஸ்கேன் எடுத்தது? முழங்கைன்னா போடுறது?"

"எதுன்னு ஆண்டவருக்குத் தெரியும். சபைக்குத் தெரிய வேண்டியதில்ல."

'கட்டி' அருவருப்பாக இருக்கிறதென்று அதையும் அடித்தார். 'கேன்சர்' பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்று அதையும் அடித்தார். கடைசியில் முழுவதையும் அவரே செந்தமிழில் எழுதிக் கொடுத்தார். பேக்டரியில் அறுபது பேருக்கு நான் சிங்கம். அந்தச் சிவப்பு மையைப் பார்த்ததும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையாகி, "சரி சார்" என்று தாளை வாங்கிக்கொண்டு வந்தேன். மடச்சி. ஒரு தடவையாவது சத்தமாக வாசித்துப் பார்த்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை, ஆண்டவருக்கு நன்றி சொல்கிற ஸ்தோத்திர ஆராதனை. புதுச் சேலை. மைக்கை இறுக்கிப் பிடித்தேன். தாளைத் தவிர எதையும் நான் பார்க்கவில்லை.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். கடந்த மாதம் நான் மருத்துவமனைக்குச் சென்றபோது, எனக்குள்ளே ஒரு புதிய வளர்ச்சி உண்டாகியிருப்பதாக மருத்துவர் கூறினார்."

"அல்லேலூயா!"

முன்வரிசையில் எஸ்தர் அண்ணி எழுந்து நின்றுவிட்டார். தம்பிக்கு ரெண்டாவது பிள்ளை வேண்டுமென்று பதினெட்டு வருஷமாக உபவாசமிருந்து ஜெபிக்கிறவர். பெண்கள் பக்கம் கைதட்டல். கீபோர்டு வாசிக்கிற தம்பி ஒரு சந்தோஷ மெட்டைத் தட்டிவிட்டான். சபை என்னை உற்சாகப்படுத்துகிறது என்று நினைத்து, எனக்கும் தெம்பு வந்தது.

"என் வயதை எண்ணி நான் மிகவும் கலங்கினேன்."

"பயப்படாத பிள்ளே! சாராளுக்குத் தொண்ணூறு வயசு!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கத்தினார். வேதத்தில் தொண்ணூறு வயதில் பிள்ளை பெற்ற சாராள் எங்கே இதில் வந்தாள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் வாசித்தேன்.

"நானும் என் கணவரும் இரண்டு வாரம் இரவும் பகலும், இது எங்களுக்கு வேண்டாம், இதை நீக்கிவிடும் என்று மன்றாடினோம்."

கைதட்டல் நின்றது.

"ஆண்டவர் எங்கள் ஜெபத்தைக் கேட்டார். அது ஒன்றுமில்லாமல் போயிற்று. அல்லேலூயா!"

ஒரு ஆமென் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். எஸ்தர் அண்ணி தலையில் கை வைத்திருந்தார். நாலாவது வரிசையில் டேவிட் ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டி எதையோ காட்டினார். எனக்கு அவர் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிற மாதிரித் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அவரைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். போதகர் மெதுவாக வந்து, "சகோதரி, நாம தனியா பேசலாம்" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. அலாமாக்! திரும்பி ஜெயசிங் சாரைப் பார்த்தேன். அந்த நிலைமையிலும் மனுஷன் உதட்டில் விரலை வைத்து, அந்த வார்த்தை வேண்டாம் என்று சைகை காட்டினார்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! தாளைக் கசக்கிக் கீழே போட்டேன்.

"பிள்ளை இல்ல! மார்பு! என் இடது மார்புல கட்டி! கேன்சரோன்னு பயந்து செத்தோம். இல்லன்னு ரிசல்ட் வந்துச்சு. அதுக்குத்தான் ஸ்தோத்திரம்!"

சொல்லும்போது இடத்தையும் காட்டினேன். மைக்கால். டொப், டொப் என்று ஸ்பீக்கரில் கேட்டது. எதிர்ப்புறம் சீனன் காப்பிக் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

"மார்பைப் படைச்சவரே அதைப் பார்த்து வெட்கப்படல. நான் எதுக்கு சார் வெட்கப்படணும்?"

சார் ஜெபிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். சாராளை இழுத்த அதே பெரியவர் "ஆமென்!" என்றார். யாரோ சிரித்தார்கள். அப்புறம் சபை முழுக்க சிரித்தது, ஆமெனும் வந்தது. ஆனால் வீரம் எனக்கு மேடை வரைக்கும்தான். இறங்கியதும் நேரே வெளியே போய், டேவிட்டின் பஸ்ஸில் ஏறி, மூன்றாம் சீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

டேவிட் பின்னாலேயே வந்தார். "நல்லாத்தான் பேசின. மைக்கைத் தட்டாம இருந்திருக்கலாம்" என்றார்.

பஸ் கதவை யாரோ தட்டினார்கள். கிரேஸ் அக்கா. கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"ரெபேக்கா, அந்த ஸ்கேன் வலிக்குமா?"

"இல்லக்கா. ஜில்லுன்னு ஒண்ணு தடவுவாங்க, அவ்வளவுதான். ஏன்?"

சபைக் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "எனக்கும் நாலு மாசமா அங்க இருக்கு. அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எங்க வீட்டுல அந்த வார்த்தையே..." முடிக்கவில்லை.

மறுநாள் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அதே பஸ்ஸில் டேவிட் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கிரேஸ் அக்காவுக்கு இருந்தது சாதாரணக் கட்டி இல்லை. நாங்கள்தான் சாரிடம் சொன்னோம். ஆபரேஷன் நாளன்று அவரே வந்தார். கவுன்டரில் இருந்த பெண் என்ன ஆபரேஷன் என்று கேட்டாள். சார் ஒரு தடவை கிரேஸ் அக்காவைப் பார்த்தார். பிறகு, வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, "பாயுடாரா!" என்றார். மார்புக்கு மலாய் வார்த்தை. நான் சிரிக்கவில்லை. (பஸ்ஸில் வந்து சிரித்தேன். பிறகு அழுதேன்.)

ஒரு சாதாரணக் கட்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்டவர்கள் உண்டு. ஆமாம், ஆர்ப்பாட்டம்தான். நன்றியை முணுமுணுக்க எனக்குத் தெரியாது.

எஸ்தர் அண்ணி மூன்று மாசம் என்னோடு பேசவில்லை. இப்போது அவர்தான் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும், "எங்கடி உன் ரெண்டாவது?" என்று ஆரம்பித்து வைக்கிறார். டேவிட்டும் முகத்தை மாற்றாமல், "ஒன்றாம் வகுப்பு போறான்க்கா, கணக்குத்தான் ஏறல" என்பார். பிறக்கவே பிறக்காத அவனுக்கு ஷரோன் பெஞ்சமின் என்று பேர்கூட வைத்துவிட்டாள்.

வருஷா வருஷம் ஸ்தோத்திர ஆராதனை முடிந்ததும் பெஞ்சமினுக்குப் பிறந்தநாள் கேக் வரும். கொண்டுவருவது கிரேஸ் அக்கா. சுமந்து வருவது ஜெயசிங் சார். இந்த வருஷம் ஏழு மெழுகுவர்த்தி. சார் ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். கிரேஸ் அக்கா மூச்சை நன்றாக இழுத்து ஊதினார். ஏழும் ஒரே ஊதலில் அணைந்தன.