நான்காவது துண்டை விற்ற தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உன் அண்ணி பக்கத்தில் நின்று எழுதவைத்தாள். இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் வீட்டில் பிள்ளைகளும் அவர்கள் அம்மாவும் சுகம் என்று நம்புகிறேன். உன்னைப் பற்றி விசாரிப்பதாக இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன் நான்காவது துண்டை விடுதிக் கம்பெனிக்கு விற்றாய் அல்லவா, அவர்கள் போன வாரம் நம் வீட்டு வாசற்படியில் கேட் போட்டுவிட்டார்கள். வாசலுக்கு எதிரே இல்லையடா, வாசற்படியிலேயே! மற்றப் பக்கமெல்லாம் பாறையும் கடலும், படி இறங்கினால் கம்பெனி மண், கதவைத் திறந்தால் காவலாளியின் முதுகு. காலையில் ரொட்டி வாங்கப் பையோடு இறங்கினேன். "சார், நீங்க கெஸ்ட்டா, ஸ்டாஃபா?" என்றான். "வீட்டுக்காரன்டா" என்றேன். கையிலிருந்த கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்படி ஒண்ணு இதுல இல்லையே சார்" என்கிறான். கடைசியில் என்னைப் 'பார்வையாளர்' என்று பதிந்தான். உன் அண்ணியைக் 'கூட வந்தவர்' என்று பதிந்தான். முப்பத்தெட்டு வருஷம் இந்த வீட்டில் குடித்தனம் நடத்தியவள், கூட வந்தவளாம்! கையில் ஒரு பச்சைப் பட்டை கட்டினார்கள். குளித்தாலும் அவிழாத அந்தப் பட்டை, சாயங்காலம் ஆறு மணி வரைதான் செல்லும். முப்பத்தொரு வருஷம் படகில் டிக்கெட் கிழித்தவன் நான், ஒருத்தனை ஓசியில் ஏறவிட்டதில்லை. அப்பேர்ப்பட்டவனிடம் அவன் வீட்டு வாசலிலேயே டிக்கெட் கேட்கிறார்கள். வயிறு எரிகிறது தம்பி.

போனில் கேட்டால், "வெறும் மண்ணுதானேண்ணே, வீட்டையா வித்தேன்?" என்கிறாய். என்ன நாக்குடா உனக்கு!

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கேட் பக்கத்தில் 'தீவின் வரலாறு' என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். 'எங்கள் நிறுவனம் வரும்வரை மனிதர் வசிக்காத தீவு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதற்குக் கீழே மனிதனாகிய நான் ரொட்டிப் பையோடு நிற்கிறேன். ஒரு கெஸ்ட் அம்மாள் அந்தப் பலகையைப் படம் எடுக்க வந்து, "கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?" என்று கேட்டாள். தள்ளியும் நின்றேனடா! அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

வரலாறு என்றால் என்ன என்று நான் சொல்கிறேன், எழுதட்டும் பலகையில். முதலில் இந்தத் தீவு நண்டுக்குச் சொந்தம். பிறகு எங்கேயோ உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனிதர் யாரிடமோ ஒரு காகிதம் வாங்கினார், தீவைக் கண்ணால்கூடப் பார்க்காமல். அன்றிலிருந்து அது அவருடையதாம். தோட்டம் போட நம் தாத்தாவை அனுப்பினார். தாத்தா முள்ளை வெட்டி, பாம்பை அடித்து, வீட்டையும் கட்டினார். தோட்டம் நொடித்துப்போனது. கூலிக்குப் பதிலாக, தீவை ஆறு துண்டாக அளந்து நடுவில் இரண்டைத் தாத்தாவுக்கு எழுதிக் கொடுத்தார் பெரிய மனிதர். மற்ற நாலும் கை மாறிக் கை மாறிக் கம்பெனி வாய்க்குள் போய்விட்டன. நாம் மட்டும்தான் அவர்கள் தொண்டையில் முள்ளாக நின்றோம். அப்பா உயிலில் மூன்றாம் எண் மூத்தவனுக்கு, நான்காம் எண் இளையவனுக்கு என்று எழுதினார். படகுத்துறையிலிருந்து எண்ணினால் மூன்றில் வீடு, நான்கில் வாசலுக்கு முன்னால் உள்ள மண். "அப்பத்தான் ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருப்பீங்க" என்றார் அப்பா. பேசுகிற லட்சணத்தைப் பார்க்க அவர் இல்லை.

நேற்று கம்பெனி மானேஜர் வந்து, "வீட்டையும் குடுத்துடுங்க சார், உங்களுக்கே ஒரு ரூம் தர்றோம், கடல் பார்த்த மாதிரி" என்றான். என் வீட்டில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் கடல்தான், போடா என்று சொல்லிவிட்டேன். அந்த கேட் ஒரு சாணாவது என் எல்லைக்குள் வந்திருக்கும், எனக்குத் தெரியும். அதனால் அரசாங்க சர்வேயர் வந்து அளந்தே ஆக வேண்டும், அளந்ததைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று நாலு மனு போட்டிருக்கிறேன். "அளக்கறதெல்லாம் வேணாங்க, விட்டுடுங்க" என்றாள் உன் அண்ணி. அவளுக்கு என்ன தெரியும்? நாளைக் காலையில் சர்வேயர் வருகிறார். பாரு அப்புறம்.

பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு நன்றாகப் படித்து, அப்பனைப் போல் இல்லாமல் இருக்க என் ஆசிகள். உனக்கு ஆசி அந்த கேட்டை எடுத்த பிறகுதான்.

இப்படிக்கு,
இன்னும் சொந்த வீட்டில் இருக்கும்
உன் அண்ணன்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் சர்வேயர் வந்து அளந்துவிட்டார். ஆபீஸ் வரைபடத்தில் எண்கள் நம் படகுத்துறையிலிருந்து தொடங்கவில்லையாம். தீவின் அந்தக் கோடியில் பழைய துறை ஒன்று இருந்ததாம், அப்பா பிறப்பதற்கு முன்பே கடல் கொண்டுபோய்விட்டதாம். அங்கிருந்து எண்ணினால் நம் மூன்றுதான் நான்கு, உன் நான்குதான் மூன்று. உயிலிலும் நீ விற்ற பத்திரத்திலும் எண் மட்டும்தானே, ஆக நீ விற்றது வீட்டை. வெறும் மண்தான் எனக்கு. நான் கேட்டபடியே பதிவும் செய்துவிட்டார்.

மானேஜருக்கு விஷயம் புரிந்ததும் முகமெல்லாம் பல். "அப்ப வீடு எங்களுது" என்று படியை நோக்கி நடந்தான். "நில்லுடா, யாரைக் கேட்டு என் மண்ணுல கால் வைக்கிற?" என்றேன். கேட்டும் பலகையும் காவலாளியின் நாற்காலியும் என் நிலத்தில்தான் நிற்கின்றன. மானேஜர் கையில் நானே பச்சைப் பட்டை கட்டினேன். பார்வையாளர், ஆறு மணி வரை.

உன் அண்ணி என்னோடு பேசுவதில்லை. பேனாவைக்கூட ஜன்னல் வழியாகத்தான் நீட்டினாள். தாத்தா கட்டிய வீடு தம்பி, நான் பிறந்த வீடு. உன்னால் போகவில்லை, என் மனுவால்தான் போனது. மேலே திட்டியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. மண்ணைக் கொடுத்து வீட்டை மாற்றிக்கொள்ளலாம், வழி இல்லாமல் அவன் வீட்டை வைத்து என்ன செய்வான்? ஆனால் விற்றவன் கையெழுத்தும் வேண்டுமாம். அடுத்த படகில் கிளம்பி வா. வாசலில் யாராவது பாஸ் கேட்டால் பயப்படாதே, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நான்தான்.