விருது ஏறிய லிஃப்ட்

மனிதகுலம் தலைநிமிர்ந்த தருணங்களை விரல்விட்டு எண்ணினால், நெருப்பைக் கண்டுபிடித்தது ஒன்று. சக்கரத்தைக் கண்டுபிடித்தது இன்னொன்று. மூன்றாவது, ‘சக்கர நாற்காலியில் ஒரு சந்திரோதயம்’ என்ற தொலைக்காட்சித் தொடருக்கு விருது கிடைத்தது. முதல் இரண்டுக்கும் சாட்சி கிடையாது. மூன்றாவதற்கு நாம் இருக்கிறோம். நேரில் பார்க்காத இடங்களுக்கு, பார்த்தவர்களைப் பிடித்து உட்காரவைத்து விசாரித்திருக்கிறோம். ‘அடுத்தவர் விஷயம் நமக்கெதற்கு’ என்னும் பெரிய மனது நமக்கு வாய்க்கவில்லை.

தொடரின் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். முதல் வாரமே கதாநாயகி மாடிப்படியில் உருண்டு சக்கர நாற்காலிக்கு வந்துவிடுவாள். அதன்பிறகு வருஷக்கணக்கில் அவள் செய்ததெல்லாம் மன்னித்ததுதான். பாலில் விஷம் கலந்தவளை மன்னித்தாள். சொத்தை எழுதி வாங்கியவனை மன்னித்தாள். நாற்காலியின் பிரேக்கைக் கழற்றியவனை அடுத்த விளம்பர இடைவேளைக்குள் மன்னித்தாள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மன்னிப்பதைத் தவிர வேறு சோலி கிடையாது என்பதுதான் தொடர் நாட்டுக்குச் சொன்ன ‘செய்தி’. கடைசி வாரம், மாமியார் மேல் பீரோ சாய்ந்தபோது அவள் எழுந்து நின்று தாங்கிவிட்டாள். அழாத கண் இல்லை. பீரோ மட்டும்தான் அழவில்லை.

இப்படிப்பட்ட கதாநாயகிக்கு ஒரே ஒரு சின்னக் குறை. மொழியில் எண்களைத் தவிர எதுவும் தெரியாது. கேமரா ஓடும்போது அவள் “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணுவாள். சோகம் என்றால் பத்து வரை, கோபம் என்றால் இருபது வரை. வசனம் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டவைப்பவர்தான் நம் குரலக்கா.

குரலக்கா சிறுவயது முதல் சக்கர நாற்காலிக்காரர். நிஜ நாற்காலி. அதன் இடது சக்கரம் ‘கிரீச்’ என்னும். டப்பிங் அறையில் சவுண்ட் அண்ணன் தினமும் கெஞ்சுவார்.

“அக்கா, உங்க சக்கரம் மைக்ல கேக்குது. கொஞ்சம் அசையாம பேசுங்களேன்.”

குரலக்கா அசையாமல் பேசி முடித்துப் போனபிறகு, துருப்பிடித்த ஒரு கதவுக்கீலை ஆட்டி, ‘கிரீச்’ சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து தொடரில் சேர்ப்பார். கேட்டால், “இயற்கையா இருக்கணும்ல?” என்பார்.

வீட்டிலும் இதே இயற்கைதான். குரலக்காவின் அம்மா தொடரைப் பார்த்து முந்தானை நனைய அழுவாள். “பாவம் இந்தப் பொண்ணு, ஒரு வாசப்படி தாண்ட முடியுதா பாரு!” என்று மூக்கைச் சிந்திவிட்டு, அதே மூச்சில் மகளிடம், “அடியே, வண்டிய ஓரமாத் தள்ளு. டிவி மறைக்குது” என்பாள்.

இதையெல்லாம் குரலக்கா கதாநாயகி மாதிரி மன்னிப்பதில்லை. திருப்பிக் கொடுத்துவிடுவார். “ஏம்மா, அவளுக்கு அழுவுறது என் வாய்தானே? அந்தக் கண்ணீர்ல பாதிய இந்தப் பக்கம் தள்ளு.”

இப்படியே போயிருந்தால் நமக்குக் கதை கிடைத்திருக்காது. கெடுத்தது முதலாளியின் முன்னேற்றம். சேனல் வளர்ந்தது, கீழ்த்தளத்து டப்பிங் அறையைக் கேன்டீனாக்கி, அடுத்த தொடர் முதல் டப்பிங்கை இரண்டாம் மாடிக்கு ஏற்றுவதென்று முடிவாயிற்று. கட்டடத்தில் லிஃப்ட் இல்லை.

குரலக்கா முதலாளியிடம் நேராகவே கேட்டார். “சார், டப்பிங் மேல போனா நான் எப்படி சார் போறது?”

முதலாளி உருகிப்போனார். “ஏம்மா, உங்க தன்னம்பிக்கை என்ன ஆச்சு? நம்ம கதாநாயகி எழுந்து நின்னாளே, பாக்கலியா?”

“பாத்தேன் சார். அவ எழுந்து நின்னப்போ ‘ஆ’ன்னது நான்தான். உக்காந்துக்கிட்டே.”

“அருமை! அந்த ஸ்பிரிட்தான் வேணும். லிஃப்ட்டப் பத்தி யோசிக்கலாம். அவசரம்னா சொல்லுங்க, படியேறுற குரல் ஒண்ணு வெயிட்டிங்ல இருக்கு.”

ஆக, லிஃப்ட் வந்தால் வேலை. வராவிட்டால், வீட்டில் டிவியை மறைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான் ‘ஊடகங்களில் மாற்றுத்திறனாளிகளின் நேர்மறைச் சித்தரிப்பைக் கௌரவிக்கும் குழு’ கண்விழித்தது. குழுவில் எல்லோரும் பெரியவர்கள், எல்லோரும் படியேறக்கூடியவர்கள். தொடருக்கு விருது தருவதாக அறிவித்த குழு, ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. விருது பெறும் நிறுவனத்தின் கட்டடத்தில் சாய்தளமும் லிஃப்ட்டும் இருக்க வேண்டும். நேரில் வந்து பார்ப்பார்கள்.

குரலக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளிக்கு நன்றாகப் புரிந்தது. வேறு நிறுவனமாக இருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டிருப்பார்கள். இவர்கள் தொழில் வேறு. நீதிமன்றம் வேண்டுமா, ஆஸ்பத்திரி வேண்டுமா, அரண்மனை வேண்டுமா, எதுவானாலும் இந்தக் கட்டடத்தில் ஒருவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்து சேர்ந்தார் செட் மாஸ்டர்.

சில நாளில் வாசலில் கிரானைட் சாய்தளம் பளபளத்தது. கீழ்த்தளத்து நடையின் முடிவில் எஃகுக் கதவுடன் ஒரு லிஃப்ட். பக்கத்தில் சிவப்புப் பொத்தான். மேலே எண்கள் மின்னும் சின்ன ஜன்னல்.

அன்று காலை குரலக்கா பூரித்துப்போய், வழக்கமான படியில்லாத பின்வாசல் வழியாக வண்டியை உருட்டிக்கொண்டு நேரே லிஃப்ட்டுக்குப் போனார். பொத்தானை அழுத்தினார். ‘டிங்’ என்றது. விளக்கு எரிந்தது. கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. உள்ளே சுவர். சுவரில் ஒரு கண்ணாடி வரைந்திருந்தது. கண்ணாடிக்குள் லிஃப்ட்டின் பின்பக்கமும் வரைந்திருந்தது.

“எப்படி அக்கா?” என்று பின்னாலிருந்து செட் மாஸ்டரின் குரல் கேட்டது.

“யோவ், இது எங்கய்யா போகும்?”

“எங்கக்கா போகணும்? டிங்குன்னுச்சா? கதவு திறந்துச்சா? லிஃப்ட்டுன்னா ஜனங்க இதத்தான் பாப்பாங்க.”

“ஏறினா?”

“ஏறுற மாதிரி ஷாட்டுன்னு எங்கிட்ட யாரும் சொல்லலியே!” செட் மாஸ்டருக்கு நிஜமாகவே வருத்தம். “சொல்லிருந்தா கதவ மூடிட்டு, வெளிய எண்ண மட்டும் மாத்திக் காட்டிருப்பேன். அப்புறம் அக்கா, அந்தச் சாய்தளத்துப் பக்கம் வண்டிய விட்டுடாதீங்க. தெர்மாகோல். பூனை ஏறினாலும் உள்ள போயிரும்.”

குழு வந்தது. சாய்தளத்தின் அருகே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டது. அழுக்காகிவிடுமென்று முதலாளி பதறியதால், பெருந்தன்மையோடு படியில் ஏறியது. லிஃப்ட்டின் ‘டிங்’கை இரண்டு தடவை கேட்டது. குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இந்த ஒலி, சமத்துவத்தின் ஒலி.”

குரலக்கா கூட்டத்துக்கு நடுவே வண்டியை விட்டார். “சார், ஒரு நிமிஷம். அதுக்குள்ள ஒரு தடவ போய்ப் பாருங்க.”

தலைவர் திடுக்கிட்டார். குரலைக் கேட்டு உடல் சிலிர்த்தார். “அடடா! அப்படியே கதாநாயகி மாதிரியே பேசுறீங்களே! தொடரப் பாத்துப் பாத்துப் பழகினதா? பாத்தீங்களா,” என்று குழுவின் பக்கம் திரும்பினார். “நேர்மறைச் சித்தரிப்போட தாக்கம் இதுதான். ஒரு சாதாரண ரசிகையோட குரலையே மாத்திருச்சு!”

குழு கைதட்டியது. ‘ரசிகை’யின் தலையை ஒருவர் தடவிக்கொடுத்தார். சந்தடியில் லிஃப்ட் பார்வையிடப்பட்டு முடிந்துவிட்டது.

விருது விழா கீழ்த்தளத்துப் படப்பிடிப்புக் கூடத்தில் நடந்தது. மேடைக்குப் படிகள், படிகளின் பக்கத்தில், வாசலிலிருந்து இரண்டு பேர் ஒரு கையால் தூக்கிவந்து வைத்த கிரானைட் சாய்தளம். கதாநாயகி ஏற்புரை ஆற்ற வேண்டும். அதற்கும் ஏற்பாடு இருந்தது. கதாநாயகி மேடையில் எண்ணுவாள். குரலக்கா திரைக்குப் பின்னால் தரையில் இருந்தபடி பேசுவார்.

வசனகர்த்தா எழுதித் தந்த காகிதம் மடியில் இருந்தது. “இந்த விருது என் சக்கரங்களுக்கு அல்ல, என் சிறகுகளுக்கு” என்று குரலக்கா ஆரம்பித்தார். கூடம் உருகியது. இரண்டாவது வரிக்கு முன் அவர் தொண்டையைக் கனைத்தார். காகிதத்தை மடித்து, கிரீச்சிடும் சக்கரத்தின் அச்சில் செருகினார்.

“எனக்குச் சிறகு வேணாங்க. லிஃப்ட் வேணும். அடுத்த வாரம் என் வேலை ரெண்டாம் மாடிக்குப் போகுது. நீங்க பாத்த லிஃப்ட் அட்டை. கதவத் திறந்தா செவுரு. இந்தச் சாய்தளம் தெர்மாகோல். என் கதைய வெச்சு வருஷக்கணக்கா எல்லாரும் அழுதீங்க. எனக்கு அழுகை வேணாம். என் வேலை எனக்கு வேணும். நான் மேல போகணும்!”

மேடையில் கதாநாயகிக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் காதில் விழும் குரலின் சூட்டைப் பிடித்துக்கொள்வதில் கெட்டிக்காரி. இது இருபதோடு நிற்கிற கோபமில்லை என்று தெரிந்துகொண்டு, எண்பத்தெட்டு வரை எண்ணினாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

முதலாளி கையால் கழுத்தை அறுத்துக் காட்டி, மைக்கை அணைக்கச் சொன்னார். சவுண்ட் அண்ணன் தலையாட்டிவிட்டு ஒலியை இன்னும் கூட்டினார். “கை நழுவிருச்சு முதலாளி” என்றார் பிற்பாடு. நழுவிய கை வெகுநேரம் அங்கேயே இருந்ததைப் பார்த்தவர்கள் நம்மிடம் சொன்னார்கள்.

குரலக்கா திரையின் இடுக்கு வழியாகக் கூடத்தைப் பார்த்தார். ஒருவராவது எழுந்து, நடையின் கோடிவரை போய், அந்தக் கதவைத் திறந்து பார்க்கமாட்டாரா?

எழுந்தது குழுத் தலைவர். ஆனால் அவர் போனது மைக்குக்கு.

“கதவத் திறந்தா செவுரு! ஆஹா! சமூகம் இவங்களுக்குக் காட்டுற பொய்க்கதவுக்கு என்ன ஒரு உருவகம்! தெர்மாகோல் சாய்தளம்! நம்ம போலி இரக்கத்துக்கு இதவிடக் கூர்மையான குறியீடு உண்டா? யாரு எழுதினது இந்த வசனம்?”

வசனகர்த்தா ஒரு கணம் யோசித்தார். பிறகு எழுந்து நான்கு பக்கமும் கும்பிட்டார். கைதட்டல் அடங்கவே இல்லை.

இனி, விருதைப் பற்றி. ஆளுயர வெண்கலச் சிலை அது. ஒரு பெண் சக்கர நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து இரு கைகளையும் வானத்துக்கு வீசுகிறாள். அடியில் கருங்கல் பீடம். குழு கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

அதை இரண்டாம் மாடியில் முதலாளி அறைக்குக் கொண்டுபோக எட்டுப் பேர் தூக்கினார்கள். முதல் திருப்பத்திலேயே ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. சிலை சாய்ந்து, அதன் மூக்கு நுனி சுவரில் உரசியது. முதலாளி மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என்ன கட்டடம்யா இது! எவ்வளவு படி! ஒரு சக்கரம் போக வழி இருக்கா? கட்டினவனுக்கு மனசாட்சி வேணாம்?”

குரலக்கா கீழே இருந்தபடி, “நல்லாக் கேளுங்க சார்” என்றார்.

“கஷ்டம் பட்டாத்தாம்மா தெரியுது!” என்றார் முதலாளி, தழுதழுத்து.

டப்பிங்கின் இடமாற்றம் தள்ளிவைக்கப்பட்டது. குரலக்காவுக்காக அல்ல. மாடிப்படியை விருது அடைத்துக்கொண்டு நின்றதால் யாராலும் ஏற முடியவில்லை. செட் மாஸ்டரை முதலாளி கூப்பிடவே இல்லை. கொத்தனார் வந்தார், இன்ஜினியர் வந்தார், சுவர் இடிந்தது. வாசலில் சிமென்ட் சாய்தளம் வந்தது. நடையின் கோடியில் நிஜ லிஃப்ட் வந்தது. ‘டிங்’ என்றால் மேலே போயிற்று. பின்னாலேயே டப்பிங்கும் மேலே போயிற்று.

லிஃப்ட்டில் ஒரு பலகை மாட்டினார்கள்: ‘விருதுக்கும், விருதுக்குத் துணையாக வருபவருக்கும் மட்டும்.’

குரலக்கா அதைப் படித்தார். மறுநாள் காலையே காவலாளியிடம் போய், “அண்ணே, துணைக்கு ஆள் வந்தாச்சு” என்றார். அன்றிலிருந்து அப்படித்தான். இரவில் பத்திரமாகக் கீழே பூட்டி வைக்கும் விருதைக் காலையில் தள்ளுவண்டியில் மேலே ஏற்றுவார்கள். கூடவே குரலக்கா ஏறுவார். மாலையில் விருது இறங்கும்போது அவரும் இறங்குவார். முதலாளி வெளியூர் போனால் விருது ஏறாது. விருது ஏறாத நாளில் குரலக்காவுக்கு வேலை கிடையாது. அவருடைய அம்மா இப்போது காலையில், “இன்னிக்கு விருதுக்கு உடம்பு நல்லா இருக்காமா?” என்றுதான் கேட்கிறாளாம்.

அடுத்த வருஷம் குழு மறுபடியும் வந்தது. அன்று காலை தள்ளுவண்டியில் விருது. அதன் பின்னால், இடம் போதாமல், குரலக்காவின் நாற்காலி வெளியே நின்றது. விருதுக்குப் புதிதாகக் கண்ணாடிப் பெட்டி செய்திருந்தார்கள். பெட்டியும் வண்டியுமே லிஃப்ட்டை அடைத்துக்கொண்டன.

“துணை இன்னிக்கு வேணாங்க்கா” என்றார் காவலாளி சங்கடத்தோடு.

தலைவர் நெகிழ்ந்துபோய் லிஃப்ட்டைத் தடவினார். “எவ்வளவு பெரிய மனசு! யாருக்காகக் கட்டினீங்க இத?”

முதலாளி கண்ணாடிப் பெட்டிக்குள் கைவீசி நிற்கும் பெண்ணைக் காட்டினார். “இவங்களுக்காகத்தான். பாவம், இவங்களால படியேற முடியாதே.”

“சார்,” என்றார் குரலக்கா, நடை முழுவதும் கேட்கும்படி. “அவதான் எழுந்து நின்னுட்டாளே. அவளப் படியில நடந்து போகச் சொல்லுங்க. லிஃப்ட்ட எனக்கு விடுங்க.”

தலைவருக்கு மெய்சிலிர்த்தது. அந்தக் குரலை அவர் எங்கோ கேட்டிருக்கிறார். கண்கலங்க, சிலையைப் பார்த்துக் கைதட்டினார்.