முறைத் தண்ணியும் மூடிய வாயும்

இந்தத் தடவை நான் முதலில் பேசுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். மலையே பெயர்ந்து விழுந்தாலும் சரி. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் எத்தனையோ சண்டை. ஒவ்வொன்றிலும் வலியப் போய்ப் பல்லைக் காட்டினவன் நான்தான். இந்த எவரிஸ்தோவுக்கு ரோஷம் உண்டா என்று எங்கள் பெரு நாட்டுக் கஹமார்க்கா சந்தையில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் டொமித்திலாவைக் கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள்.

சண்டைக்குக் காரணம் உப்பு. பக்கத்து வீட்டு பெர்னார்தா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடும்போது, உருளைக்கிழங்கு சூப்பில் உப்பு கம்மி என்று சொல்லிவிட்டேன். என் பெண்டாட்டி டொமித்திலா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இனிமே உங்களோட எனக்குப் பேச்சு இல்ல."

"எனக்கும் இல்ல."

"இதுதான் கடைசிப் பேச்சு."

"என்னுதும்."

வீடு அமைதியாகிவிட்டது. டொமித்திலா ஆகவில்லை. அடுப்படி மூலையில் கறிக்காக வளர்க்கிற, முயல்குட்டி அளவுக் கினிப் பன்றிகளோடு பேச ஆரம்பித்தாள். "சூப்பு ஆறுது. வேணும்னா வந்து குடிக்கலாம், யாரையும் இங்க கட்டிப் போடல" என்பாள். கினிப் பன்றிகள் புல்லைத் தின்னும். நான் வந்து சூப்பைக் குடிப்பேன்.

அப்போதுதான் அதிர்ஷ்டம் என் பக்கம் திரும்பியது. ஊர் வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் மடைக்காரர் குமெர்சிந்தோ வயலில் என்னைப் பிடித்தார். மழை பொய்த்து, வாய்க்காலில் நூலாட்டம்தான் தண்ணீர். அதனால் எல்லா வீட்டுத் தண்ணீர் முறையையும் மாற்றிவிட்டார்களாம்.

"உங்க வீட்டு முறை இனிமே வியாழக்கிழமை, விடியறதுக்கு முன்னாடி. விட்டா அடுத்த வியாழன்தான். வீட்டுல சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றேன். சொல்வேனா? எங்கள் தோட்டத்துச் சொடக்குத் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சுவது எப்போதும் டொமித்திலாதான். அந்தச் செடிகள் என்றால் அவளுக்கு உயிர். அதில் அவள் காய்ச்சுகிற ஜாம் என்றால் எனக்கு உயிர். முறை எப்போது என்று தெரியாமல் அவளால் இருக்க முடியாது. தானாக வந்து கேட்பாள். துருப்புச் சீட்டு என் கையில்.

புதன்கிழமை முழுக்கக் காத்திருந்தேன்.

"தண்ணி எப்ப வருதோ தெரியல" என்றாள் கினிப் பன்றியிடம்.

நான் தொண்டையைச் செருமினேன்.

"தெரிஞ்சவங்க சொன்னா சொல்லட்டும். இல்லாட்டி செடி காயட்டும். எனக்கென்ன."

"சிலருக்குக் கேக்க வாய் வராது" என்றேன் நாயிடம்.

"சிலருக்கு வாய் மட்டும்தான் இருக்கு" என்றாள் கினிப் பன்றியிடம்.

நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

சாயங்காலம் தோட்டத்தை எட்டிப் பார்த்தேன். இலையெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. உறைக்குள் பழம் மட்டும் மஞ்சளாக மினுங்கியது. எனக்கு மனசே சரியில்லை. செடி என்ன பாவம் பண்ணியது?

வியாழக்கிழமை இருட்டு பிரியுமுன்பே விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் டொமித்திலா தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் என் கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு. போன வருஷத்திலிருந்தே அவளுக்கு விரல் முட்டியெல்லாம் வீக்கம். இந்தக் குளிரில் இவளா மடை திறப்பாள்? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நழுவினேன். பாய்ச்சிவிட்டு வந்து படுத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்? ரோஷமும் பிழைக்கும், செடியும் பிழைக்கும்.

மடையைத் திறந்தேன். தண்ணீரா அது? மலை உச்சிப் பனி அப்படியே காலில் ஏறியது. பாத்தி நிரம்பி வழிந்தது. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. சொடக்குத் தக்காளி பழுத்தால் தானே கீழே விழுந்துவிடும். விழுந்ததைப் பொறுக்கிய பிறகுதான் தண்ணீர் விட வேண்டும். நான் பொறுக்கவில்லை. பழமெல்லாம் உறையோடு மிதந்து, வரிசையாகச் சுவருக்கடியில் புகுந்து பெர்னார்தா தோட்டத்துக்கு ஊர்வலம் போனது. நான் பின்னாலேயே குனிந்து ஓடினேன்.

சுவருக்கு மேலே பெர்னார்தாவின் தொப்பி தெரிந்தது. எங்கள் மகனுக்கு ஞானத்தாய் அவள், அதனால் என்னைக் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவாள்.

"கொம்பாத்ரே, நீங்களா தண்ணி பாய்ச்சறீங்க?"

"இல்லையே."

"மண்வெட்டி?"

"சும்மா புடிச்சிருக்கேன்."

"அப்ப தண்ணி?"

"அது தானா போகுது."

"அதைக் கொஞ்சம் வேர்ப்பக்கமா போகச் சொல்லுங்க. தேங்கினா பழம் வெடிச்சுடும். இந்தப் பக்கம் வந்த பழமெல்லாம் எனக்கா?"

"எடுத்துக்கங்க. டொமித்திலாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க."

"நானா? கல்லு மாதிரி இருப்பேன்."

வீட்டுக்குள் வந்தால் அடுப்பில் சூப்பு சூடாக இருந்தது. யாருக்கோ வைத்ததைத் திருடிக் குடிக்கிறோம் என்று எனக்கு ஒரே பெருமை. உப்பும் சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு வியாழன்தோறும் இதே கதை. செடிகள் கிண்ணென்று நின்றன. என் சாமர்த்தியத்தை எண்ணி நானே பூரித்தேன். ஒரே ஒரு குறை, யாரிடமும் சொல்ல முடியவில்லை. செய்த காரியத்தைச் சொல்லாமல் வைத்திருந்து எனக்குப் பழக்கமில்லை.

ஒரு நாள் நான் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். டொமித்திலாவும் பெர்னார்தாவும் வந்து, சுவர் மாடத்தில் இருக்கிற புனித இசிதோர் சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

"மழையும் இல்ல, நானும் ஊத்தல. செடி எப்படிப் பச்சையா நிக்குது பாரு பெர்னார்தா. இசிதோர் பண்ணின அற்புதம்."

"அவர் உழவருக்கெல்லாம் பாதுகாவலராச்சே. ராவோட ராவா வந்து பாய்ச்சியிருப்பார்."

"என்ன கருணை. நம்ம வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு, ஒரு குவளை தண்ணி ஊத்தியிருப்பாரா? ஞாயித்துக்கிழமை பாதிரியார்கிட்ட சொல்லி, பூசையிலயே அறிவிக்கச் சொல்லணும்."

பூசையில், ஊருக்கே. ரொட்டியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

"இசிதோர் வந்து மண்வெட்டி புடிச்சாராடி? கால் ரெண்டும் மரத்துப் போயிக் கிடக்கறவன் நான். வியாழக்கிழமை வியாழக்கிழமை பாய்ச்சினது நான்டி."

டொமித்திலா மெல்லத் திரும்பினாள். "யார்கிட்ட பேசறீங்க?"

"உன்கிட்டத்தான்..." என்று சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. பெர்னார்தா சால்வையால் வாயை மூடிக்கொண்டு வெளியே ஓடினாள். சுவருக்கு அந்தப் பக்கம் போய்த்தான் சிரித்தாள்.

"முறை மாறினது உனக்குத் தெரியுமா?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியும். மடைக்காரர் பொண்டாட்டி சொல்லிட்டா. அந்தக் குளிருக்கு இந்தக் கை ஆகாது. உங்களைக் கேக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள உப்புன்னு ஆரம்பிச்சீங்க. வந்த சண்டையை எதுக்கு வீணாக்கணும்?"

"கேட்டிருந்தா செஞ்சிருக்க மாட்டேனா?"

"செஞ்சிருப்பீங்க. ஒரு நாள் செஞ்சுட்டு வருஷம் பூரா ஊரெல்லாம் சொல்லியிருப்பீங்க."

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். விரல் வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டேன்.

"நீ பேசாம இருந்தது எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?"

"எனக்கு மட்டும் என்ன. கினிப் பன்றிகிட்ட எத்தனை நாளைக்குப் பேசறது? அதுக பதிலே சொல்ல மாட்டேங்குது."

கையை இழுத்துக்கொள்ளவே இல்லை. இனி எப்போதும் இவளிடம் பேசாமல் இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அதை வாய்விட்டும் சொன்னேன்.

"அதான் எனக்கும் நிம்மதி" என்றாள் டொமித்திலா. "இனிமே வியாழக்கிழமை நானே உங்களைக் கூப்பிட்டு எழுப்பி விட்டுடலாம்."