இடி ஆன்டிக்கு இரண்டு பிளக்குகள்

"உங்க வீட்டுல யாரும் ஆறாம் வகுப்பத் தாண்டலங்கிற. நீ என்னடான்னா காத்துல வர்ற நெட் லைன நம்பி டிகிரி முடிக்கப் போறியா?"

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகைக்கு அறை கேட்டுப் போன அன்று வீட்டுக்கார ஆன்டி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. "முடிப்பேன் ஆன்டி" என்றேன். கிள்ளான் பக்கம் பண்டமாரானில் பிறந்தவள் நான். கேட்டவுடன் தலை குனிகிற பழக்கமில்லை. அறை கிடைத்தது.

இடி இடித்தால் மோடத்தின் பிளக்கைப் பிடுங்காத வீடு நம் நாட்டில் இல்லை. ஆனால், இடிக்கு முன்பே பிடுங்குகிறவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். தெரு முழுக்க அவர் இடி ஆன்டி.

மேகம் கறுத்தால் பிடுங்குவார். லோரி கல் கொட்டினால் பிடுங்குவார். மோனோரயில் கொஞ்சம் பலமாக உறுமினாலும் பிடுங்குவார். தீபாவளி வாரத்தில் வெடிச்சத்தத்துக்குப் பயந்து வீட்டில் எதுவுமே ஓடாது; பிரிட்ஜில் வைத்த மீன் எங்களுக்கு முன்பே எழுந்து நடமாடத் தயாராகிவிடும். சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக்கூடக் கழற்றி வைப்பார். அதனால் மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில் நேரம் பின்தங்கியே ஓடியது.

ஒருமுறை பக்கத்து முடிதிருத்தும் கடைக்குள் புகுந்து மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பாதி தலையோடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஆன்டி, இன்னும் பாதி இருக்குலா!" என்று கத்தினார் கடைக்கார அண்ணன்.

"உயிர் இருந்தா மீதிய நாளைக்கு வெட்டிக்கலாம்" என்றார் ஆன்டி.

நான் பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. மாலையில் ஆன்லைன் வகுப்பு. மோடம் முன்ஹாலில் இருந்தது. என் அறையோ சமையலறைக்கும் பின்னால். பழைய காலத்துத் தடித்த சுவர்கள். வயர்லெஸ் சிக்னல் தட்டுத்தடுமாறி வாஷிங் மெஷின் வரைக்கும் வந்து, அங்கேயே உயிரை விட்டது. ஆகவே வாஷிங் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்து படித்தேன். துணி பிழியும் நேரத்தில் திரையில் என் முகம் கிடுகிடுவென நடுங்கும். "காய்ச்சலா?" என்று விரிவுரையாளர் கரிசனத்தோடு கேட்பார்.

கணினிக் கடைக்குப் போனேன். கடைப்பையன் விவரமானவன்.

"பழைய வீடாக்கா? அப்ப வயர்லெஸ்ஸ மறந்துடுங்க. பவர்லைன் அடாப்டர் போடுங்க. ஒன்ன மோடம் பக்கத்துல மாட்டுங்க, ஒன்ன உங்க ரூம்புல மாட்டுங்க. சுவத்துக்குள்ள ஓடுற கரண்ட் ஒயர்லயே நெட்டும் ஓடி வந்துடும்."

"எங்க ஆன்டி பிளக்கப் பிடுங்குவாங்களே."

"இடிக்கு எல்லாரும்தான் பிடுங்குவாங்க."

"இவங்க மேகத்துக்கே பிடுங்குவாங்க."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப வீடு மாத்துங்கக்கா."

வீடு மாற்றவில்லை, அடாப்டர் வாங்கினேன். படம் கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. ஆன்டி மட்டும் அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். "அலமாக்! சுவத்துக்குள்ளயே இடிக்கு ரோடு போட்டுட்டியே பாப்பா!"

முன்பு ஒரு பிளக்கைப் பிடுங்கியவருக்கு இப்போது மூன்று. "பாப்பா, பிடுங்கப் போறேன்!" என்று ஹாலிலிருந்து குரல் வரும். "ஆன்டி, ஒரு நிமிஷம்!" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பேராசிரியர் காணாமல் போயிருப்பார்.

கடைசித் தேர்வு நேர்முகம். ஆன்லைனில்தான், மாலை நான்கு மணிக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கில் நான்கு மணி என்றால் இடியின் மணி. அது பாதியில் நின்றால் டிகிரியும் நின்றது. ஆன்டியிடம் கெஞ்சினேன்.

"உன் டிகிரியக் கேட்டுக்கிட்டா இடி வரும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான்காவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது வீடே அதிர்ந்தது. ஹாலிலிருந்து "பிடுங்கப் போறேன்" வரும் என்று காத்திருந்தேன். குரல் வரவில்லை. இன்னொரு இடி. திரையில் மூன்று பேராசிரியர்களும் அப்படியே இருந்தார்கள். நான் பேசிக்கொண்டே போனேன்.

முடித்துவிட்டு ஹாலுக்கு ஓடினேன். மோடத்துக்கு முன்னால் ஆன்டி நின்றுகொண்டிருந்தார். காலில் ரப்பர் சிலிப்பர், கைகளிலும் ரப்பர் சிலிப்பர், கண்கள் இறுக மூடியிருந்தன. வெளியே மழை விட்டு வெயிலே வந்துவிட்டிருந்தது.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு ஆன்டி."

"அப்ப நவுரு" என்று சொல்லி, அந்த வெயிலில் பிளக்கைப் பிடுங்கினார்.

பட்டமளிப்புக்கு வீட்டுக்கு இரண்டு பேர்தான் என்றார்கள். அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். "அந்த ஹால்ல பிளக் நெறைய இருக்கும், நான் வரல" என்றார் ஆன்டி, இருந்த ஒரே நல்ல சேலையை மறுபடி மடித்து வைத்தபடி. அந்தச் சேலையை நான் பார்க்காமலிருந்திருக்கலாம்.

பிறகு புது வேலை, புது இடம். அங்கியோடு எடுத்த படத்துக்குச் சட்டம் போட்டுக்கொண்டு ஆன்டியைப் பார்க்கப் போனபோது வீட்டு வாசலில் பூட்டுச் சங்கிலி தொங்கியது. வீட்டை விற்றுவிட்டு, கிள்ளானைத் தாண்டிக் காப்பாரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று முடிதிருத்தும் கடை அண்ணன் சொன்னார். "இப்பல்லாம் நிம்மதியா வெட்டுறேன்" என்றார். சொன்ன முகத்தில் நிம்மதி இல்லை.

நான் இருக்கும் அடுக்குமாடியில் எல்லாமே வயர்லெஸ். இடி இடித்தால் யாரும் எழுந்திருப்பதில்லை. நான் மட்டும் வேலையை நிறுத்திவிட்டு, ஹாலிலிருந்து ஏதாவது குரல் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காது கொடுக்கிறேன்.

போன வாரம் அந்த அண்ணனிடம் நம்பர் வாங்கி, படத்தைக் காட்ட வீடியோ அழைப்பு போட்டேன். ஆன்டியின் முகம் பாதியிலேயே உறைந்து நின்றது. மகன் போனை வாங்கினார். "அம்மா ரூம்பு பின்னாடி இருக்கு, அங்க லைன் எட்டாதுக்கா. ரவுட்டர மேல சீலிங்ல மாட்டியிருக்கேன். அம்மா கை வைக்க முடியாது" என்றார் பெருமையாக.

ஆன்டி ஹாலுக்கு வந்து பேசினார். "இங்க ஒன்னும் தொடவேணாம்கிறான் பாப்பா. இடி வந்தா சும்மா உக்காந்திருக்கேன்."

"இன்னொரு வயர்லெஸ் பெட்டி மாட்டிடலாம்கா, சீலிங்லயே" என்றார் மகன்.

"வேண்டாம் தம்பி, பவர்லைன் போடலாம். நானே கொண்டு வரேன்" என்றேன்.

இதைக் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பையில் சட்டம் போட்ட படமும் அந்தப் பழைய அடாப்டர்கள் இரண்டும் இருக்கின்றன. ஒன்றை ஆன்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற பிளக் பாயிண்டில் மாட்டச் சொல்லி மகனிடம் பேசி முடித்தாயிற்று. ஜன்னலுக்கு வெளியே வானம் நன்றாகக் கறுத்துக்கொண்டு வருகிறது.