மெதுவாகத் திறக்கிற கம்ப்யூட்டர்

அன்புள்ள மூத்த மகனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நான் நலம். உன் நலத்தை நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும், சொல்லி நாளாயிற்று, அதை இன்றைக்குக் கிளறப்போவதில்லை.

நீ வாங்கிப் போட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறு இடமில்லை என்று உன் தம்பி அதை என் அறையில் கொண்டுவந்து வைத்தபோது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மேசை இடித்து என் அலமாரிக் கதவு இன்றுவரை பாதிதான் திறக்கிறது. இப்போது அதை மாற்றுவதற்கும் யாரும் என்னைக் கேட்கவில்லை. "பழசுலயே ரெண்டு பார்ட்ஸ் மாத்தினா போதும்" என்கிறான் உன் தம்பி. "செத்துப்போனதுக்கு எதுக்குங்க பவுடர் பூசுறீங்க, புதுசு வாங்குங்க" என்கிறாள் அவன் மனைவி. கல்யாணமாகி வந்த அன்றைக்கே என் தலையணையைப் பார்த்து மூக்கைச் சுளித்தவள், அவளுக்குப் பழசு எதுதான் பிடித்தது. பிறகு ரிப்பேர்காரர் வந்து மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த தூசியையெல்லாம் என் போர்வையில் ஊதிவிட்டு, "மெமரி போட்டா பட்டனை அமுக்கின உடனே திறந்துடும் பாட்டி" என்றார். "உடனே திறந்து என்னப்பா அவசரம், எங்கயாவது ஓடிப்போகப் போகுதா?" என்றேன். அவர் உன் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். அதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். பட்டனை அமுக்கினால் அது முனகி, இரைந்து, நீலமாகி, ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டு, திறப்பதற்குள் உலையில் போட்ட அரிசி வெந்துவிடும். அதுவரை அமுக்கினவர் எங்கே போவது, என் கட்டிலில்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பேத்தி எந்தச் சிநேகிதியோடு பேசுவதில்லை என்பதும், உன் தம்பிக்கு ஆபீஸில் யாரைக் கண்டால் பயம் என்பதும் எனக்கு அப்படித் தெரிந்ததுதான். அவன் மனைவிகூட ஒருநாள் முழங்கால் வலிக்கிறது என்றாள். தைலம் தேய்த்துவிட்டேன், தலையணையை மறக்காமலேதான் தேய்த்தேன். பார்ட்ஸ் மாற்றினால் யாரும் உட்காரமாட்டார்கள். புதிது வாங்கினால் மடியில் வைக்கிற மாதிரி வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே நீ உடனே அவனைக் கூப்பிட்டுப் பழசை அப்படியே விடச் சொல். காரணம் கேட்டால் உன் வாய்க்கு வந்ததைச் சொல், நான் எழுதினதைச் சொல்லாதே. உன் பேச்சைக் கேட்பான், என் பேச்சைக் கேட்டதில்லை. முடிந்தால் நேரிலேயே புறப்பட்டு வா.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, நன்றாக இரு. உன் மனைவியையும் விசாரித்ததாகச் சொல். அவள் என்னை விசாரிக்காவிட்டால் பரவாயில்லை, பழகிவிட்டது.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: உறை வாங்கிவர இந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லாமல் கடிதம் கிடந்துபோயிற்று, அதற்குள் புதிது வந்துவிட்டது. பழையது மாதிரியே மேசைமேல் வைக்கிறதுதான். உடனே திறக்கிறது, ஆனால் பாஸ்வேர்டு கேட்கிறது. உன் தம்பி நாங்கள் பார்க்காதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு ஒன்றைப் போட்டான், மறுநாள் காலையில் மறந்துவிட்டான். நேற்றிலிருந்து மூன்று பேரும் என் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து, கல்யாண நாளா, பேத்தி பிறந்த நாளா என்று யோசிக்கிறார்கள். நான் படுத்திருந்த இடத்திலிருந்து அவன் கை நன்றாகத் தெரிந்தது. எந்தப் பட்டன், எதற்குப் பிறகு எது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இன்னும் என்னை யாரும் கேட்கவில்லை. நீயும் கூப்பிட்டு எதையாவது சொல்லிக் கெடுத்துவிடாதே. வரவும் வேண்டாம், உட்கார இடமில்லை.