உங்கள் தங்கை என் இருக்கையைக் கழற்றிவிட்டாள்

பேரன்பும் பெருமதிப்பும் வாய்ந்த மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் உடலும் உள்ளமும் செழித்து வாழ்கிறீர்கள் என்னும் நம்பிக்கையோடு இம்மடலைத் தொடங்குகிறேன். அடுத்த வரியில் நானும் நலம் என்று எழுதுவதே முறை. ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகள் மேடையில் உண்மை பேசியவன் தாளில் மட்டும் பொய் எழுதலாகாது. இவ்வீட்டில் நலமாக இருப்பவள் உங்கள் தங்கை ஒருத்தியே. அவளுடைய நலம்தான் என்னுடைய நலக்கேட்டின் முழுமுதற் காரணம்.

செய்தியைச் சுருங்கச் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, நகருக்கு வெளியே உள்ள பந்தயத் தடத்தில், இருபது ஆண்டு கடந்த மலிவு வண்டிகளுக்கென்றே ஒரு பந்தயம் நடக்கிறது. காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை நான்கு வரை, எட்டு மணி நேரம், நிற்காத ஓட்டம். அதில் நம் பழைய சாம்பல் நிற வண்டி ஓடப் போகிறது. அதை ஓட்டப் போகிறவர்கள் மூவர். ஒருவர், ஊரார் ‘ஸ்பானர்’ என்றே அழைக்கும் பழுதுபார்ப்பவர். (அப்பெயருக்கு ஈடாக நல்ல தமிழ்ப் பெயர் ஒன்பது எழுதிக் கொடுத்தேன், அவர் இசையவில்லை.) இன்னொருவர் என் மகள், உங்கள் மருமகள். மூன்றாமவர், இல்லை, முதலாமவர், அணியின் தலைவர், அறுபத்தோரு வயது நிறைந்த உங்கள் உடன்பிறந்த தங்கை. தாங்கள் ஞாயிற்றுக்கு முன்பே புறப்பட்டு வந்து, அண்ணன் என்னும் உரிமையோடு, ‘கூடாது’ என்று தடுத்தருள வேண்டும். இதுவே என் வேண்டுகோள்.

இதில் தங்களுக்கும் பொறுப்பு உண்டு என்பதை மறவாதீர்கள். திருமணத்துக்கு முன்பே அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவர் யார்? பின்னோக்கி ஓட்டப் பழக்கியவர் யார்? எனக்கும் கற்றுத் தருகிறேன் என்று அழைத்துப் போய், அரை மணிக்குள், “மச்சான், நீங்க பேசுங்க, அவ ஓட்டட்டும்” என்று தீர்ப்பு எழுதியவர் யார்? அந்தத் தீர்ப்பின்படிதான் நாங்கள் வாழ்ந்தோம். நான் பேசினேன். அவள் ஓட்டினாள்.

எல்லாம் சென்ற மாதம் ஒரு காலைப்பொழுதில் தொடங்கியது. கூடத்தில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். வாயிலில் உளியால் தட்டும் ஓசை. எட்டிப் பார்த்தால், வண்டியின் நான்கு கதவும் திறந்து கிடக்க, உள்ளிருந்து இரு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ஸ்பானர் வெப்பக்காற்றுக் குழலால் தரையைச் சூடாக்கி, ஓசையடக்க ஒட்டியிருந்த தார்ப்படலத்தைப் பாளம் பாளமாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். தரைவிரிப்பு, கூரைத் துணி, கதவின் மெத்தைப் பலகை, பின்னிருக்கை என யாவும் முற்றத்தில் குவிந்திருந்தன. என் மகள் குளியலறையில் இருந்த எடைபார்க்கும் கருவியைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக நிறுத்துச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிக்கொண்டிருந்தாள். எடை குறையக் குறைய வண்டி விரையுமாம். அறிவியல், மறுக்கவில்லை. ஆனால் கடைசியாக அவர்கள் கழற்றிக் கொணர்ந்தது ஓட்டுநருக்குப் பக்கத்து முன்னிருக்கை. என் இருக்கை. பதினான்கு கிலோ என்று எழுதினாள்.

“அப்பா, நீங்களும் ஏறி நில்லுங்க, பாப்போம்” என்றாள். ஏறி நின்றேன். எழுபத்தெட்டு.

ஸ்பானர் அந்த எண்ணைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். “முப்பது வருஷமா இந்தச் சுமையோடயே ஓடியிருக்கு. இப்ப பாருங்கய்யா, பறக்கும்!”

உங்கள் தங்கை சிரித்தாள். மணமான நாள்தொட்டு இன்றுவரை என் மேடை நகைச்சுவைகள் எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

“நான் எங்க உக்கார்றது?” என்று கேட்டேன்.

“ரேஸ் வண்டியில ஓட்டுறவங்களுக்கு மட்டும்தாங்க சீட்டு” என்றாள், ஒரு திருகாணியைப் பல்லிடை கவ்வியபடி.

மைத்துனரே, அந்த இருக்கையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அது வெறும் பஞ்சும் கம்பியும் அன்று. நூலகத் திறப்பு விழாக்களுக்கும், தொழிலாளர் கூட்டங்களுக்கும், மொழி மன்றங்களுக்கும் நான் போன வழியெல்லாம் அதில் அமர்ந்தே போனேன். என் உரைகள் யாவும் அங்கேதான் பிறந்தன. நான் உரத்த குரலில் ஒத்திகை பார்ப்பேன். அவள் சாலையைப் பார்ப்பாள். ஓரிடத்தில் அவள் புருவம் சுருங்கினால் அந்த வரியை அடித்துவிடுவேன். ஒருமுறை, ஆறு கரைபுரண்ட மழைநாளில், பாலத்தின் மேல் எதிரே ஒரு சரக்குந்து வந்து அடைத்துக்கொண்டது. தண்ணீர் சக்கரத்தைத் தொட்டுவிட்டது. உங்கள் தங்கை சன்னல் வழியே தலையை வெளியே நீட்டி, முகத்தில் மழை அறைய, முக்கால் கிலோமீட்டர் தொலைவு பின்னோக்கியே ஓட்டிக் கரை சேர்த்தாள். நானோ கண்ணை மூடிக்கொண்டு அன்றைய உரையின் முடிவுரையை மெருகேற்றிக்கொண்டிருந்தேன். தலைப்பு: துணிவு. அன்று மாலை எழுந்த கையொலி அடங்க நெடுநேரம் ஆயிற்று. அந்நேரம் அவள் அரங்கின் பின்புறம் குந்தியமர்ந்து சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தாள் என்பது இப்போது ஸ்பானரிடம் அவள் சொல்லக் கேட்டுத்தான் எனக்கே தெரியும்.

இன்னும் கேளுங்கள். விரிப்பைப் பெயர்த்தபோது அதன் அடியில் தொண்டை மிட்டாய்த் தாள்களோடு மடித்த சீட்டுகள் பதினொன்று கிடைத்தன. அவை எனக்கு நினைவிருந்தன. நான் பேசும்போது தொண்டர் எவரேனும் மேடைக்குக் கொண்டுவந்து தருவார். அவையோரின் பாராட்டு என்று எண்ணி, தன்னடக்கம் கருதிப் பிரிக்காமலே சட்டைப் பையில் இடுவேன். வண்டியில் ஏறும்போது நழுவி விழுந்திருக்கும். இப்போது முற்றத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பதினொன்றும் உங்கள் தங்கையின் கையெழுத்து. “போதும்.” “போதும், மழை வருது.” “போதுங்க, பிள்ளைக்குக் காய்ச்சல்.”

அந்தப் பிள்ளை பக்கத்தில்தான் நின்றாள். “ஏம்மா, உனக்கு என் பேச்சு எதாவது ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன். பின்னிருக்கையில் படுத்தே வளர்ந்தவள் அல்லவா.

“ஒண்ணு கூட இல்லப்பா” என்றாள், சிறிதும் தயங்காமல். “அம்மா மூணாவது கியர்ல இருந்து நாலாவதுக்கு மாத்துற சத்தம்தான் ஞாபகம். அது கேட்டாத் தூக்கம் வரும்.”

ஒதுங்கி நின்றால் சிறுமை என்று, நானும் ஒத்துழைக்கத்தான் முயன்றேன். பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்ற, ஒருவர் உள்ளே அமர்ந்து மிதியை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே சிறு திருகைத் திறந்து மூட வேண்டுமாம். முதன்முறையாக ஓட்டுநர் இருக்கையில் என்னை அமர்த்தினார்கள். “அமுக்கிப் பிடிங்கய்யா. நான் விடுங்கன்னு சொல்றவரைக்கும் விடக் கூடாது” என்றார் ஸ்பானர். மூன்று சக்கரங்கள் குற்றமின்றி முடிந்தன. நான்காவதில், அடியில் படுத்திருந்தவர், பொழுது போகட்டும் என்று, “ஏங்கய்யா, கூட்டத்துல கல்லு விட்டா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டுவிட்டார். மேடையில் கல் விழுந்த மாலைப்பொழுதை நான் சொல்லத் தொடங்கினேன். மேடையேறிப் பழகியவன் உணர்ச்சி மிகும் இடத்தில் எழுந்து நிற்பான். நானும் எழ முற்பட்டேன். கால் மிதியை விட்டது. திறந்திருந்த திருகு வழியே காற்று முழுவதும் உள்ளே போயிற்று.

“நாலு வீலும் மறுபடி மொதல்ல இருந்து” என்றார் ஸ்பானர், அழாத குறையாக.

“அவர்கிட்ட கேள்வி கேக்கலாமா நீ?” என்று உங்கள் தங்கை அவரைத்தான் கடிந்துகொண்டாள். என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

இப்போது வண்டியினுள் இரும்புக் குழாயால் ஒரு கூண்டு. அதன் நடுவே ஒற்றை இருக்கை. ஐந்து முனையில் பூட்டும் பட்டை. அவள் தலைக்கவசம் அணிந்து, குனிந்து, குழாய்களிடையே காலை நுழைத்து, பட்டைகளைப் பூட்டி, “கிளம்பு” என்னும் வரை மகள் கடிகாரம் பார்க்கிறாள். முதல் நாள் மூன்று நிமிடம். நேற்று ஐம்பது வினாடி. முழங்கால் வலி என்று மாடிக்கு ஏற மறுப்பவள்! நான் அவளிடம் வாதிட்டேன். வயதைச் சொன்னேன், வெயிலைச் சொன்னேன், எட்டு மணி நேரம் என்னும் கொடுமையைச் சொன்னேன்.

“எட்டு மணி நேரம் மூணு பேருக்குப் பிரிச்சது” என்றாள். “உங்க பேச்சு முடியுற வரைக்கும் வண்டியில தனியா உக்காந்திருந்தவ நான். படிக்க வேற ஒண்ணும் இல்லாம இந்த வண்டியோட கையேட்டையே நாப்பது தடவ படிச்சவ. எனக்கா பொறுமை சொல்லித் தர்றீங்க?”

எத்தனையோ எதிர்க்கட்சிக்காரர்களை மறுமொழியின்றி அமர வைத்தவன், மைத்துனரே, நான் அமர்ந்தேன். அமர்ந்த இடம் கூடத்து மூலையில் கிடந்த அந்த முன்னிருக்கை. பின்னுக்குச் சாய்கிறது, முன்னே சாலை இல்லை.

ஆகவே தாங்கள் வர வேண்டும். அவளுடைய உயிருக்கு அஞ்சுகிறேன் என்று எழுதினால் தாங்கள் உடனே புறப்படுவீர்கள். எனினும் அது முழு உண்மையாகாது. அவள் ஓட்டும் திறத்தில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. முப்பது ஆண்டில் நான் பக்கத்தில் இல்லாமல் அந்த வண்டி ஓடப் போவது இதுவே முதன்முறை. இதைத் தாங்கள் எவரிடமும் சொல்ல வேண்டாம். தடுத்து நிறுத்துங்கள். இல்லையேல் ஞாயிறன்று கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருப்பேன்; பந்தயத் தடத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன். இது உறுதி.

தங்கள் குடும்பம் கிளைத்துத் தழைக்கவும், தங்கள் குரல் அண்ணனுக்குரிய கடுமையோடு ஒலிக்கவும் விழைந்து விடைபெறும்,

தங்கள் அன்பு மைத்துனன்.

பின்குறிப்பு: மேலே உள்ளவற்றில் வணக்கத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு ஏனையவற்றை மறந்துவிடுங்கள். அஞ்சல் பெட்டி பெருஞ்சாலைக்கு அப்பால் இருக்கிறது. என்னை அங்கே அழைத்துச் செல்ல வண்டி இல்லை. எனவே மடல் என் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. பந்தயம் நேற்று முடிந்தது. நான் போயிருந்தேன், இழுவை வண்டியில், ஸ்பானருக்குப் பக்கத்தில் அமர்ந்து.

பந்தயம் தொடங்கி ஏழு மணி நேரம் கடந்திருந்தது. கடைசிச் சுற்றுகளை உங்கள் தங்கை ஓட்டிக்கொண்டிருந்தாள். முந்தைய நிறுத்தத்தில் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்து உள்ளங்கையைச் சுட்டுக்கொண்ட ஸ்பானர் முதலுதவிக்குப் போயிருந்தார். மகளின் இரு கையிலும் எரிபொருள் கலம். ஆகவே ஓட்டுநரோடு பேசும் கருவி என் கைக்கு வந்தது. அவ்வேளை பார்த்து வண்டியின் பின்னே மெல்லிய வெண்புகை. நீர்க்குழாய் கசிகிறது; வெப்பங்காட்டும் முள்ளோ காலையிலேயே நின்றுவிட்டது. அவளுக்குத் தெரிய வழியில்லை.

“உள்ள கூப்பிடுங்கப்பா!” என்று மகள் கத்தினாள்.

கருவியை வாயருகே கொண்டுபோனேன். “பெருமதிப்பிற்குரிய அணித்தலைவர் அவர்களே, இவ்வேளையில் தங்கள் வண்டியின் பின்புறத்தே...” அதற்குள் அவள் எங்கள் நிறுத்தத்தின் நுழைவாயிலைக் கடந்து போய்விட்டாள்.

“ஐயோ! இன்னும் ஒரு சுத்துதான் எஞ்சின் தாங்கும்! ஒரே வார்த்தைப்பா, ஒரே வார்த்தை!”

அவள் மீண்டும் வர இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில் நான் கற்ற சொற்கள் யாவும் வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினேன். வளைவில் சாம்பல் நிறம் தெரிந்தது.

“வா” என்றேன்.

வந்துவிட்டாள். மகள் குழாயை இறுக்கித் தண்ணீர் ஊற்றினாள், எஞ்சின் பிழைத்தது. முப்பத்து மூன்று வண்டிகளில் இருபத்தேழாம் இடம் பெற்றோம். அந்த நான்கு நிமிட நிறுத்தத்தின்போது அவள் தலைக்கவசத்தின் கண்ணாடியை உயர்த்தி என்னைப் பார்த்தாள். வேர்வையில் நனைந்த முகம்.

“முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் நேரத்துக்கு முடிச்சிருக்கீங்க.”

அதற்குப் பொருத்தமாக நான் சில சொற்கள் கூற வாயெடுத்தேன். அதற்குள் அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.